செட்டிநாட்டு வீட்டில் தங்கமீன்: தண்ணீரில் தொடங்கி மீனில் முடியும் வரிசை

தங்கமீன் வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் தொட்டி, கல், பம்ப், மீன் நான்கையும் ஒரே நாளில் வாங்கி வந்துவிடுகிறார்கள். அன்று மாலையே மீன் நீந்துகிறது. ஏழாம் நாள் ஒன்று மிதக்கிறது, பத்தாம் நாள் இன்னொன்று. கடைக்காரர் நோய் மீனைத் தலையில் கட்டிவிட்டார் என்று பேச்சு. பல நேரம் மீனில் கோளாறு இருக்காது, வாங்கிய வரிசையில்தான் கோளாறு. மீன் கடைசியாக வர வேண்டியது. அதற்கு முன்னால் ஒரு மாத வேலை இருக்கிறது.

இங்கே சொல்வது காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கத்து வீடுகளை மனதில் வைத்து. முற்றம், பித்தளை அண்டா, போர்த் தண்ணீர், சித்திரை வெயில், வருடத்தில் பல மாதம் பூட்டிக் கிடக்கும் வீடு: இவை ஒவ்வொன்றும் மீனைப் பாதிக்கும்.

முன்கூட்டி வாங்கி வைக்க வேண்டியவை

தொட்டி, ஃபில்டர், ஏர் பம்ப், மின்சாரம் போனால் ஓட பேட்டரி ஏர் பம்ப், வெப்பமானி, தண்ணீர் உறிஞ்சி எடுக்கும் சைஃபன் குழாய், மீனுக்கென்றே இரண்டு பிளாஸ்டிக் வாளி, 40 லிட்டர் பிளாஸ்டிக் டப் ஒன்று, குளோரினைப் போக்கும் ஆன்டி குளோரின் மருந்து, கல் உப்பு, சமையல் தராசு. இவற்றோடு அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், பிஎச் (தண்ணீரின் அமில, காரத் தன்மையின் அளவு) நான்கும் பார்க்கும் சொட்டு மருந்து டெஸ்ட் கிட்.

டெஸ்ட் கிட் விலையைப் பார்த்துத்தான் எல்லோரும் தயங்குவார்கள். அலங்காரப் பாறை, பிளாஸ்டிக் செடி, குமிழி விடும் புதையல் பெட்டி எதையும் விட்டுவிடலாம், கிட்டை விடக்கூடாது. மீனைக் கொல்லும் தண்ணீரும் கண்ணாடி மாதிரித்தான் தெளிவாக இருக்கும்.

1. தொட்டி: இரண்டு மீனுக்கு 100 லிட்டர்

நீளம், அகலம், உயரம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்கி, வந்ததை 28.3-ஆல் பெருக்கினால் லிட்டர் கணக்கு வரும். 3 அடி நீளம், 1 அடி அகலம், 1¼ அடி உயரம் என்றால் சுமார் 106 லிட்டர். ஒரண்டா, ஃபேன்டெயில் போன்ற உருண்டை உடம்பு மீன் இரண்டுக்கு இது சரி. மூன்றாவதற்கு இன்னும் 40 லிட்டர் கூட்டிக்கொள்ளுங்கள்.

காமெட், ஷுபுன்கின் போன்ற நீள உடம்பு மீன்கள் ஓர் அடி வரை வளரக்கூடியவை. அவற்றுக்கு 3 அடித் தொட்டி போதாது.

உருண்டைக் கண்ணாடிக் கிண்ணம் வேண்டவே வேண்டாம். தண்ணீர் கொஞ்சம், காற்று படும் மேல்பரப்பும் கொஞ்சம். தங்கமீன் நிறையத் தின்று நிறையக் கழிக்கும் மீன். அந்தக் கழிவு 10 லிட்டர் தண்ணீரில் ஒரே நாளில் விஷ அளவை எட்டிவிடும். விசேஷத்துக்கு வாசலில் பித்தளை உருளியில் பூவும் தங்கமீனும் விடுகிறார்களே, அது அந்த மீனுக்குத் தண்டனை. செம்பும் துத்தநாகமும் மீனுக்கு விஷம். பித்தளை என்பது இரண்டும் கலந்ததுதான்.

2. வைக்கும் இடம்

முற்றத்து ஓரம் அழகாகத் தெரியும். ஆனால் நேர் வெயில் தினமும் இரண்டு மணி நேரம் பட்டாலே தண்ணீர் பச்சையாகிவிடும், சூடும் ஏறும். முற்றத்திலிருந்து உள்ளடங்கிய, தடித்த சுவர் ஓரம்தான் சரியான இடம். உயரமான கூரையும் தடித்த சுவரும் கொண்ட பழைய வீட்டின் உள்பகுதியில் பகல் சூடு மெதுவாகத்தான் ஏறும். கான்கிரீட் மாடி அறையில் அந்த வசதி இல்லை.

நிரம்பிய தொட்டி, கண்ணாடி, ஸ்டாண்ட் எல்லாம் சேர்ந்து 130 கிலோவைத் தாண்டும். நான்கு இரும்புக் கால்கள் நேராக ஆத்தங்குடித் தரைக்கல்லில் நின்றால் கல் விரியும். காலுக்கு அடியில் பலகை போடுங்கள். பழைய தளம் பார்க்க மட்டமாக இருக்கும், ரசமட்டம் வைத்தால்தான் சரிவு தெரியும். தொட்டிக்கு அடியில் அரை அங்குல தெர்மகோல் ஷீட் போட்டால் சின்ன மேடு பள்ளங்களை அது வாங்கிக்கொள்ளும். இல்லாவிட்டால் அடிக் கண்ணாடியில் கீறல் விழும்.

அடுப்படிக்கு அருகில் வைக்காதீர்கள், தாளிக்கும் எண்ணெய்ப் புகை தண்ணீரின் மேல் ஏடாகப் படியும். அதைவிட முக்கியம் கொசு விரட்டி. ஏர் பம்ப் அறைக் காற்றை உறிஞ்சித் தண்ணீருக்குள் அனுப்புகிறது. கொசுவர்த்தியிலும் பிளக்கில் செருகும் திரவத்திலும் இருக்கும் பைரித்ராய்டு வகை மருந்து மனிதருக்கு அவ்வளவு செய்யாது, மீனுக்கு மிகச் சிறிய அளவே போதும். அந்த அறையில் அவை வேண்டாம். தெருவில் புகை மருந்து அடிக்கிற நாளில் ஜன்னலைச் சாத்திவிட்டு, ஏர் பம்பை அடித்து முடிக்கும் வரை நிறுத்தி வையுங்கள். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது தொட்டியைத் துணியால் மூடுங்கள். சுண்ணாம்புத் தூள் விழுந்தால் பிஎச் சட்டென்று ஏறும்.

3. எந்தத் தண்ணீர்?

இந்தப் பக்கத்து வீடுகளில் தண்ணீர் ஒரே மாதிரி இருப்பதில்லை. காரைக்குடியில் குழாயில் சம்பை ஊற்றுத் தண்ணீர், சில ஊர்களில் காவிரிக் கூட்டுக் குடிநீர், கொல்லையில் கிணறு அல்லது போர், மழைக்காலத்தில் முற்றத்துத் தூம்பிலிருந்து பிடித்த மழைநீர். எதை எடுத்தாலும் ஒன்றை முடிவு செய்து அதிலேயே நில்லுங்கள். இந்த வாரம் குழாய், அடுத்த வாரம் போர் என்று மாற்றினால், எந்தத் தண்ணீரும் தனியாகக் கெட்டதில்லை என்றாலும் மீன் ஒவ்வொரு வாரமும் புது ஊருக்குக் குடிபோன மாதிரி அல்லாடும்.

*குழாய்த் தண்ணீர்:* குளோரின் செவுளை எரிக்கும், ஃபில்டரில் இருக்கும் நல்ல பாக்டீரியாவையும் கொல்லும். பிளாஸ்டிக் டப்பில் பிடித்து, ஏர் பம்ப் போட்டு, ஒரு நாள் முழுக்க வையுங்கள். அவசரம் என்றால் ஆன்டி குளோரின். சோடியம் தயோசல்ஃபேட் படிகம் வாங்கினால் 100 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து வைத்துக்கொண்டு, 10 லிட்டருக்கு 1 மில்லி விட்டால் வழக்கமான குழாய்த் தண்ணீருக்குப் போதும். மேல்நிலைத் தொட்டிக்கோ கிணற்றுக்கோ பிளீச்சிங் பவுடர் போட்ட அன்று எடுக்காதீர்கள்.

*போர்த் தண்ணீர்:* பூமிக்குள்ளிருந்து வந்த உடனே அதில் ஆக்சிஜன் குறைவு, கரியமில வாயு அதிகம். அப்போது பிஎச் பார்த்தால் 7 என்று காட்டும். ஒரு நாள் காற்றுக் குமிழி விட்டபின் பார்த்தால் 8 இருக்கும். இரண்டாவதுதான் உண்மையான அளவு. பலர் முதல் அளவைக் குறித்துக்கொண்டு, தொட்டியில் ஏன் ஏறுகிறது என்று குழம்புகிறார்கள். பருப்பு வேகாத கடினத் தண்ணீரிலும் தங்கமீன் வாழும். 7-லிருந்து 8.4 வரை பிஎச்சுக்குப் பழகிக்கொள்ளும். பிஎச் குறைக்கும் மருந்து ஊற்றிக் கீழே இறக்குவதும், அது மறுநாள் ஏறுவதும்தான் மீனுக்குக் கெடுதல்.

*மழைநீர்:* நல்ல தண்ணீர், ஆனால் தனியாக வேண்டாம். அதில் கரைந்த உப்புகள் இல்லாததால் பிஎச்சைப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லை. ஃபில்டர் பாக்டீரியா வேலை செய்யச் செய்ய அமிலம் உண்டாகி, ஒரு நாள் பிஎச் தொப்பென்று விழும். மழைநீர் ஒரு பங்கு, போர்த் தண்ணீர் இரண்டு பங்கு கலந்தால் இரண்டின் குறையும் தீரும். மழைநீரோ ஆர்ஓ தண்ணீரோதான் கிடைக்கிறது என்றால் 100 லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி ஆப்ப சோடா, அதாவது சுமார் 5 கிராம், கரைத்துச் சேருங்கள். பருவத்தின் முதல் இரண்டு மழையை விட்டுவிடுங்கள். ஓட்டின் தூசியும் பறவை எச்சமும் அதில் வரும். பிடிப்பதும் பிளாஸ்டிக்கில்தான். வழக்கப்படி பித்தளை அண்டாவில் பிடித்தால், மென்மையான மழைநீரில் செம்பு இன்னும் சுலபமாகக் கரையும், அதன் விஷமும் அங்கே கூடுதல்.

ஆர்ஓ மெஷின் வெளியே தள்ளும் கழிவு நீரைச் செடிக்கு ஊற்றுங்கள், மீனுக்கு வேண்டாம்.

4. ஃபில்டரும் தரையும்

ஃபில்டர் மணிக்குத் தொட்டி அளவைப் போல 6 முதல் 10 மடங்கு தண்ணீரைச் சுற்ற வேண்டும். 100 லிட்டருக்கு 600 லிட்டருக்குக் குறையாத பம்ப். கூடவே ஏர் பம்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்று போட்டால், ஒன்று நின்றாலும் மற்றது காப்பாற்றும்.

ஏர் பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள். கீழே வைத்தால் மின்சாரம் போனதும் குழாய் வழியாகத் தண்ணீர் பின்னோக்கி இறங்கி பம்பிலும் பிளக்கிலும் பாயும். மேலே வைக்க இடமில்லை என்றால் ஒருவழி வால்வு மாட்டுங்கள், விலை மிகக் குறைவு.

தரைக்கு ஒன்றும் போடாமல் விட்டால் கழுவுவது சுலபம். கல் வேண்டுமென்றால் மீனின் வாய்க்குள் போகாத அளவுக் கூழாங்கல், இல்லாவிட்டால் நைசான மணல். பட்டாணி அளவுக் கல்தான் மோசம். தங்கமீன் தரையைக் கிளறி வாயில் அள்ளும், அது தொண்டையில் மாட்டும். மீந்துபோன ஆத்தங்குடிக் கல் துண்டு, சலவைக்கல் சில்லு, சோழி எதையும் போடாதீர்கள். சிமென்ட்டும் சுண்ணாம்பும் பிஎச்சை ஏற்றிக்கொண்டே இருக்கும்.

5. மீன் இல்லாமல் தொட்டியைப் பழக்குதல்: 3 முதல் 6 வாரம்

எல்லோரும் தாண்டிக் குதிக்கும் படி இது. மீன் சாவதும் பெரும்பாலும் இதைத் தாண்டியதால்தான்.

மீன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றுகிறது. ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் விஷம்தான். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். அளவு ஏறாத வரை நைட்ரேட்டால் பெரிய கெடுதல் இல்லை. இந்த இரு வகையும் ஸ்பாஞ்சில் குடியேறிப் பெருக வாரக்கணக்கில் ஆகும். புதுத் தொட்டியில் அவை இல்லை, மீனின் கழிவு மட்டும் இருக்கும். ஏழாம் நாள் மீன் மிதப்பதற்குக் காரணம் அதுதான்.

நம் பக்கத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. அம்மோனியாவில் விஷமுள்ள பகுதி பிஎச்சோடு ஏறும். 25 டிகிரியில் பிஎச் 7 என்றால் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. பிஎச் 8 என்றால் நூற்றில் 5 பங்கு. கிட்டத்தட்டப் பத்து மடங்கு. மென்மையான தண்ணீர் உள்ள ஊர்க்காரர் தப்பித்துக்கொள்ளும் தவறில் கடினத் தண்ணீர்க்காரர் மாட்டிக்கொள்வார்.

செய்முறை இதுதான். தண்ணீர் நிரப்பி, குளோரின் போக்கி, ஃபில்டரை இரவும் பகலும் ஓடவிடுங்கள். தினமும் மீன் இருப்பதாக நினைத்து இரண்டு சிட்டிகை மீன் தீனி போடுங்கள். அது அழுகி அம்மோனியா தரும். நோயில்லாத பழைய தொட்டி வைத்திருக்கும் நண்பர் யாராவது இருந்தால், அவருடைய ஸ்பாஞ்சிலிருந்து ஒரு துண்டை ஈரம் காயாமல் கொண்டுவந்து உங்கள் ஃபில்டரில் செருகுங்கள்; பாதி நாள் மிச்சம்.

இரண்டு நாளைக்கு ஒருமுறை டெஸ்ட் பண்ணி, பஞ்சாங்க ஓரத்திலாவது எழுதி வையுங்கள். முதலில் அம்மோனியா ஏறும். அது இறங்கும்போது நைட்ரைட் ஏறும். அதுவும் இறங்கும்போது நைட்ரேட் தெரியும். தினமும் தீனி விழுந்துகொண்டிருக்கும்போதே அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் தொடர்ந்து நான்கைந்து நாள் 0 காட்டினால் தொட்டி தயார். முக்கால் பங்குத் தண்ணீரை மாற்றிவிட்டு, ஒன்றிரண்டு நாளுக்குள் மீன் விடுங்கள். காலியாகக் காத்திருந்தால் பாக்டீரியாவுக்கு இரை இல்லை.

இடையில் தண்ணீர் கலங்கிப் பால் மாதிரி ஆகும். பயந்து கொட்டிக் கழுவாதீர்கள், தானே தெளியும். இரவில் சத்தமாக இருக்கிறதென்று ஃபில்டரை நிறுத்துவதும் அதே தவறு. ஸ்பாஞ்சில் ஓட்டம் நின்றால் பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் கிடைக்காது.

6. மீன் தேர்வும் வழிப்பயணமும்

முதுகுத் துடுப்பு விரிந்து நிற்கிறதா, இரண்டு செவுளும் ஒரே சீராக அசைகிறதா, தீனி போட்டால் பாய்கிறதா என்று பாருங்கள். அந்தத் தொட்டியில் செத்த மீன் ஒன்று கிடந்தாலும் அதிலிருந்து எதையும் வாங்காதீர்கள். முதல் முறைக்கு ஃபேன்டெயில் நல்லது. பிளாக் மூர், டெலஸ்கோப் வகைகளுக்குக் கண் பார்வை மந்தம், தீனிப் போட்டியில் பின்தங்கும்.

அழுக்கைத் தின்னும் என்று கடையில் சக்கர் மீனைக் கூடவே கொடுப்பார்கள். வாங்காதீர்கள். இரவில் தங்கமீன் உடம்பில் ஒட்டி மேல் சளியை உறிஞ்சும், அந்தப் புண்ணில் கிருமி ஏறும். பெரிதான பிறகு சமாளிக்க முடியாமல் ஊருணியில் விடுவதும் நடக்கிறது. அது அந்த ஊருணிக்குச் செய்யும் கேடு.

மதுரையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ கொண்டுவந்தால் காலை முதல் பஸ்ஸில் வாருங்கள். பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி ஆக்சிஜன். வீட்டுக்கு வந்ததும் பையைத் திறக்காமல் 15–20 நிமிடம் தண்ணீரில் மிதக்க விட்டுச் சூட்டைச் சமப்படுத்துங்கள். பிறகு திறந்தவுடன் மீனை எடுத்து விட்டுவிடுங்கள். மூடிய பையில் கரியமில வாயு சேர்ந்து பிஎச் இறங்கியிருக்கும். திறந்ததும் அது ஏறி, பையில் சேர்ந்த அம்மோனியா விஷமாக மாறும். திறந்து வைத்துக்கொண்டு அரை மணி நேரம் கரண்டி கரண்டியாகத் தண்ணீர் ஊற்றுவது நல்லெண்ணம்தான், நீண்ட பயணம் வந்த மீனுக்கு அது ஆகாது. பைத் தண்ணீரைத் தொட்டியில் கொட்டாதீர்கள்.

ஏற்கெனவே மீன் இருந்தால் புதியதை 40 லிட்டர் டப்பில் மூன்று வாரம் தனியாக வைத்துப் பார்த்த பிறகே சேருங்கள்.

7. தீனி

தங்கமீனுக்கு இரைப்பை கிடையாது. தின்றது நேராகக் குடலுக்குப் போகும். அதனால் எப்போதும் பசித்த மாதிரியே வந்து நிற்கும், அதை நம்பக்கூடாது. காலை ஒரு முறை, மாலை ஒரு முறை, இரண்டு நிமிடத்தில் தீர்கிற அளவு. வாரத்தில் ஒரு நாள் பட்டினி.

தண்ணீரில் மூழ்கும் உருண்டைத் தீனியை ஒரு நிமிடம் ஊறவைத்துப் போடுங்கள். மிதக்கும் தீனியோடு காற்றையும் விழுங்கும் உருண்டை மீன்கள் தலைகீழாக மிதக்கத் தொடங்கும். வாரம் இரண்டு முறை வேகவைத்துத் தோல் உரித்த பச்சைப் பட்டாணி, வெந்நீரில் போட்டெடுத்த கீரை கொடுக்கலாம். பொரி, சோறு, இட்லி, பிஸ்கட் வேண்டாம். ஊருணியிலிருந்து பிடித்த பூச்சிகளும் வேண்டாம், நங்கூரப் புழு என்ற ஒட்டுண்ணி அந்த வழியாகத்தான் வரும்.

8. வாரம் ஒருமுறை

மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை சைஃபனால் அடியிலிருந்து எடுங்கள். நைட்ரேட் 40 பிபிஎம் (லிட்டருக்கு 40 மில்லிகிராம்) தாண்டினால் பாதி. புதுத் தண்ணீரின் சூடு 2 டிகிரிக்கு மேல் வித்தியாசப்படக்கூடாது. மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் மதியம் கொதிக்கும். விடிகாலையில் பிடித்து நிழலில் வையுங்கள்.

ஸ்பாஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழியுங்கள். குழாயடியில் சோப்புப் போட்டு வெள்ளை வெளேரென்று கழுவினால் ஒரு மாத உழைப்பு சாக்கடையில் போகும்.

கோடையில் ஆவியாகிக் குறையும் தண்ணீருக்கு மழைநீரோ ஆர்ஓ நீரோ ஊற்றுங்கள். ஆவியாகும்போது உப்பு தங்கிவிடும். மறுபடி போர்த் தண்ணீரையே ஊற்றினால் அது மேலும் மேலும் சேரும். கண்ணாடியில் வெள்ளைக் கோடு தடித்துக்கொண்டே போவது அதன் அடையாளம்.

9. சித்திரை வெயிலும் மின்வெட்டும்

தங்கமீனுக்கு 18 முதல் 24 டிகிரி சுகம். 30 வரை தாங்கும். சூடு ஏறினால் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும்: 20 டிகிரியில் லிட்டருக்கு சுமார் 9 மில்லிகிராம் கரையும், 30-இல் ஏழரை. அதே சூட்டில் மீனுக்குத் தேவையோ கூடும். விடியற்காலையில் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் ஆக்சிஜன் போதவில்லை என்று அர்த்தம்.

மூடியை எடுத்துவிட்டு வலை போட்டு, மேல்பரப்பில் காற்றுப் படும்படி சின்ன மின்விசிறி வையுங்கள், இரண்டு மூன்று டிகிரி இறங்கும். தண்ணீர் மட்டத்தை ஒன்றரை அங்குலம் குறைத்து, ஃபில்டர் தண்ணீர் அருவி மாதிரி விழட்டும். ஐஸ் கட்டியை நேராகப் போடாதீர்கள். உறைந்த பாட்டிலை மூடியோடு ஒன்று மட்டும் மிதக்க விடலாம். தீனியைப் பாதியாக்குங்கள்.

மின்சாரம் போனால் பேட்டரி ஏர் பம்ப், வரும் வரை தீனி இல்லை. மூடிய டப்பா ஃபில்டர் பல மணி நேரம் நின்றிருந்தால் உள்ளே இருக்கும் தண்ணீரைக் கொட்டிவிட்டு ஓட்டுங்கள். இல்லாவிட்டால் அழுகிய தண்ணீர் மொத்தமும் தொட்டிக்குள் பாயும்.

10. நோய் மாதிரித் தெரிந்தால்

முதலில் டெஸ்ட் கிட், பிறகு மருந்து. அம்மோனியாவோ நைட்ரைட்டோ 0.5 பிபிஎம் தாண்டியிருந்தால் பாதித் தண்ணீரை மாற்றுங்கள், இரண்டு நாள் தீனி நிறுத்துங்கள். நைட்ரைட் என்றால் 100 லிட்டருக்கு 100 கிராம் கல் உப்பு கரைத்துச் சேருங்கள். உப்பிலுள்ள குளோரைடு, நைட்ரைட் செவுளுக்குள் நுழைவதைத் தடுக்கும். உடம்பில் திடீரென்று கருப்புத் திட்டு வந்தால், பெரும்பாலும் அது அம்மோனியாப் புண் ஆறுகிற தழும்பு.

உடம்பெங்கும் ரவை தூவிய மாதிரிப் புள்ளி என்றால் வெண்புள்ளி நோய். 100 லிட்டருக்கு 100 கிராம் வீதம், 12 மணி நேர இடைவெளியில் மூன்று முறை, மொத்தம் 300 கிராம் உப்பு. 10 முதல் 14 நாள் வையுங்கள். புள்ளி மறைந்ததும் நிறுத்தினால் தண்ணீரிலுள்ள ஒட்டுண்ணிக் குஞ்சுகள் மீன்மேல் திரும்ப ஏறும். தண்ணீர் மாற்றும்போது மாற்றிய அளவுக்கு மட்டும் உப்பு சேருங்கள். தொட்டியில் செடி இருந்தால் உப்பில் பட்டுப்போகும், முன்பே எடுத்துவிடுங்கள். செவுள் மூடியிலும் முன் துடுப்பின் ஓரத்திலும் மட்டும் வரிசையாக வெள்ளைப் புள்ளி இருந்தால் அது நோயே அல்ல, ஆண் மீனின் இனப்பெருக்கக் காலப் புள்ளி.

தலைகீழாக மிதந்தால் இரண்டு நாள் பட்டினி, மூன்றாம் நாள் பட்டாணி. செதில்கள் பலாப்பழத் தோல் போல நிமிர்ந்துவிட்டால் உள்ளுறுப்பு பழுதாகிவிட்டது, பிழைப்பது அரிது. அந்த மீனைத் தனியாக எடுத்துவிடுங்கள்.

11. வீட்டைப் பூட்டிக்கொண்டு போகும்போது

சென்னைக்கு ஒரு வாரம் போகிறீர்கள் என்றால், வளர்ந்த நல்ல மீனுக்குத் தீனியே வேண்டாம். புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு தண்ணீர் மாற்றுங்கள், கிளம்பும் அன்று மாற்றினால் கோளாறு வந்தால் பார்க்க ஆள் இருக்காது.

அதற்கு மேல் போனால் வீட்டைப் பார்த்துக்கொள்கிறவரிடம் தீனி டப்பாவைக் கொடுக்காதீர்கள். ‘பாவம், பசிக்குதே’ என்று ஆச்சி கண்ணில் படும் நேரமெல்லாம் ஒரு பிடி போடுவார்கள். ஒரு நாளுக்கு ஒரு பொட்டலம் என்று காகிதத்தில் மடித்து, மேலே கிழமை எழுதி, திங்கள், புதன், வெள்ளிக்கு மட்டும் வையுங்கள். டப்பா பூட்டிய அலமாரிக்குள் போகட்டும். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போகும் பழக்கம் உள்ள வீடென்றால், ஃபில்டர் பிளக்கின் மேல் ‘அணைக்காதே’ என்று சிவப்பு மையில் ஒரு சீட்டு ஒட்டிவிட்டுக் கிளம்புங்கள்.